துளிர்த்த மல்லிகைக் குச்சி காய்ந்தது ஏன்?

கேள்வி: "பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறேன். கொழுந்தனாருக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் 60 சென்ட் மல்லிகை இருக்கிறது. பங்குனி மாதம் அங்கிருந்து 200 குச்சி வெட்டி வந்து, கற்றாழைச் சாறு தொட்டு, பிளாஸ்டிக் பையில் ஊன்றினேன். பத்தே நாளில் துளிர்த்தது. சித்திரை பாதியில் எல்லாம் காய்ந்துவிட்டது. வேர் ஊக்கிப் பொடி தொடாததுதான் காரணம் என்று நாற்றுப் பண்ணையில் சொல்கிறார்கள். பொடி வாங்காமல் முடியவே முடியாதா? தீபாவளி முடிந்து ஆலை விடுமுறை விடும்போது மறுபடியும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எங்களுக்கு 15 சென்ட் நிலம் இருக்கிறது. நாற்று வாங்கி வைக்கக் கையில் காசில்லை."

– வாசகி, சிவகாசி வட்டம்

பதில்: முடியும். இந்தக் குச்சிகள் பொடி இல்லாததால் சாகவில்லை. தாகத்தில் செத்திருக்கின்றன.

மல்லிகைக் குச்சியை வெட்டும்போது அதன் கட்டையில் கொஞ்சம் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அந்தக் கையிருப்பை வைத்தே கணுவில் இருக்கும் மொட்டு விரிந்துவிடும். அதற்கு வேர் தேவையில்லை. வெட்டிப் போட்ட முருங்கைக் கிளை வேலியோரம் கிடந்தபடியே துளிர்ப்பதைப் பார்க்காதவர் கிடையாது. ஆகவே துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. சொல்லப்போனால், வேருக்கு முன்னால் வரும் துளிர் குச்சிக்குப் பாரம். ஒவ்வொரு புது இலையும் காற்றில் நீரை விட்டுக்கொண்டே இருக்கும். கீழேயிருந்து உறிஞ்சிக் கொடுக்க ஆள் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துபோகும். மல்லிகைக் குச்சி நல்ல வேர் விட 30 முதல் 45 நாள் வேண்டும். வாசகியின் 200 குச்சிகளும் அந்த நாள் வருவதற்குள் வறண்டுவிட்டன. பொடி தொட்டிருந்தாலும் அந்த வெயிலில் முக்கால்வாசி போயிருக்கும்.

கடையில் விற்கும் வேர் ஊக்கியில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வகையைச் சேர்ந்தது. ஆக்சினை 1928-இல் ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஃபிரிட்ஸ் வென்ட். வெட்டிய குச்சியில் வேரைத் தூண்டுவதும் இதுதான் என்று அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் தெரிந்துகொண்டார்கள். ஐ.பி.ஏ. பயன்பாட்டுக்கு வந்தது 1935 வாக்கில். அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் குச்சி ஊன்றவில்லையா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்தபோது பொடிக் கடை எங்கே இருந்தது?

ஆக்சின் செடிக்குள்ளேயே உண்டு. கொழுந்திலும் இளம் இலையிலும் உருவாகி, தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். குச்சியை வெட்டியதும் இறங்க வழியில்லாமல் அடிவெட்டில் தேங்கும். வெட்டுக்காயமும் தன் பங்குக்கு ஒரு சமிக்ஞை கொடுக்கும். காயம் பட்டவுடன் செடியில் கூடும் பொருள்களில் ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம். அந்தப் பெயரே மல்லிகையிலிருந்து வந்ததுதான். அதன் உறவுக்காரப் பொருளை 1962-இல் பிச்சிப்பூ எண்ணெயில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். காயமும் தேங்கிய ஆக்சினும் சேர்ந்து, பட்டைக்கு உள்ளே இருக்கும் திசுவை வேர் முளையாக மாற்றுகின்றன. மல்லிகை, பிச்சி, முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை, மாதுளை, அத்தி, நொச்சி, ஆடாதொடை இவற்றுக்கெல்லாம் சொந்தச் சரக்கே போதும். பொடி தொட்டால் வேர் கொஞ்சம் சீக்கிரமும் ஒரே சீராகவும் வரும். ஆயிரக்கணக்கில் நாற்று விற்கும் பண்ணைக்கு அது லாபம். அதனால் பொடி மேல் பகை ஒன்றும் வேண்டாம். 200, 300 குச்சி போடும் வீட்டுக்கு அது அவசியமில்லை, அவ்வளவுதான்.

பொடியால் சரிசெய்ய முடியாத மூன்று விஷயங்கள் உண்டு: ஊன்றும் காலம், குச்சியின் முதிர்ச்சி, ஈரம். இந்த வட்டாரத்தில் அதிகம் தவறுவது இந்த மூன்றில்தான்.

தென்மாவட்டங்களில் மல்லிகை நாற்று என்றால் ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் பக்கத்தைச் சொல்வார்கள். ராமநாதபுரம் கடலோர மணலில் குச்சி ஊன்றி வளர்த்த நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது. அங்கே வேலையைச் செய்வது மணலும் கடல் காற்றும். மணலில் தண்ணீர் நிற்காது, அடிவெட்டு அழுகாது. காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் இலையிலிருந்து நீர் வேகமாகப் போகாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இரண்டும் நேர் எதிர். கரிசல் மண் நனைந்தால் களியாகும், காய்ந்தால் பாளமாக வெடிக்கும். காற்றும் ஆண்டில் பெரும்பகுதி வறட்சிதான். அந்த மணலையும் அந்தக் காற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் உண்டாக்கிக் கொடுப்பதுதான் வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

அதற்கு ஏற்ற காலத்தை வாசகியே சொல்லிவிட்டார். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். பட்டாசு காய வைக்க ஆகாத வானம் அது. குச்சி ஊன்ற அதைவிட நல்ல வானம் கிடையாது. தீபாவளி முடிந்து ஆலைகள் விடுமுறை விட்டு, பூஜை போட்டுத் திறக்கும் வரை சில வாரம் கை சும்மா இருக்கும். மல்லிகையைக் கவாத்து செய்வதும் நவம்பர் கடைசி வாரத்தில்தான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். ஒரு கட்டு குச்சிக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மழை, ஓய்வு, குச்சி மூன்றும் ஒரே மாதத்தில் கிடைக்கும்போது பங்குனியில் போய் ஊன்றுவானேன்?

ஆனால் கவாத்துக் குவியலில் கிடப்பதெல்லாம் குச்சி ஆகாது. இதில்தான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது. குச்சியிலிருந்து வரும் செடி தாயின் அச்சு. தாய் கொஞ்சமாகப் பூத்தால் இதுவும் கொஞ்சமாகத்தான் பூக்கும். ஒரு மல்லிகைத் தோட்டம் பன்னிரண்டு, பதினைந்து வருடம் நிற்கும். குச்சி இலவசம் என்று மோசமான தாயிலிருந்து எடுத்தால், அந்த இலவசத்துக்கு அத்தனை வருடமும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். பூ உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில் கொழுந்தனார் தோட்டத்துக்கு ஒரு நடை போய், நன்றாகப் பூக்கும், இலை கரும்பச்சையாக இருக்கும் இருபது செடியில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு வர வேண்டும். யார் செடியில் பூ அதிகம் என்பது பூ எடுக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்டாலே காட்டுவார்கள். இந்த வருடம் அது தவறிப்போயிருந்தால், இலை மஞ்சள் பாய்ந்த செடியையும், கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்துவரும் செடியையும் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

குச்சி பென்சில் பருமன் இருக்க வேண்டும். நுனியில் இருக்கும் பச்சைத் தண்டு அழுகும். அடியில் இருக்கும் பழுப்பேறிய முற்றல் கட்டை வேர்விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் வளைந்து, இன்னும் வளைத்தால் 'டக்'கென்று ஒடியும் பாதி முற்றிய பகுதியே சரி. அரை அடி நீளம், மூன்று அல்லது நான்கு கணு. கீழ் வெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் வெட்டைக் கணுவுக்கு மேலே நேராகவும் வெட்ட வேண்டும். இந்தச் சாய்வும் நேரும் அழகுக்கு இல்லை. ஆக்சின் ஒரே திசையில் இறங்குவதால் தலைகீழாக ஊன்றிய குச்சி வேர்விடாது. நூறு குச்சியை வெட்டிக் குவித்த பிறகு எது தலை, எது கால் என்று தெரியாமல் போகும். சாய்வு வெட்டு அதைக் காட்டிக் கொடுக்கும். கத்தியோ கத்தரியோ கூர்மையாக இருக்க வேண்டும். நசுங்கிய வெட்டில் பூஞ்சணம் ஏறும்.

கீழ் இரண்டு கணுவில் இலையை உருவிவிட்டு, மேலே ஒரு ஜோடியை மட்டும் வைத்து, அதையும் பாதியாக நறுக்க வேண்டும். இலை முழுக்க இருந்தால் நீர் போகும். இலையே இல்லாவிட்டால் ஆக்சினும் உணவும் கிடைக்காது. பூ மொட்டு இருந்தால் இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிட வேண்டும். வெட்டியதிலிருந்து ஊன்றும் வரை குச்சி காயவே கூடாது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் வெறும் கட்டாகக் கொண்டுவந்த குச்சி அங்கேயே பாதி செத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் பையைப் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து, அன்று சாயங்காலமே ஊன்றிவிட வேண்டும்.

பைக்குப் பதில் காகிதக் கூடு போதும். பட்டாசுக்குக் குழாய் சுருட்டிப் பழகிய கை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும் ஊர் இது. பழைய செய்தித்தாளை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு அங்குல அகலம், ஐந்து அங்குல உயரத்தில் குழாய் ஆக்கி, அடியை மடித்துவிட்டால் கூடு தயார். கூடுகளைப் பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையில் நெருக்கமாக நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கும். வேர் வந்ததும் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். பிடுங்கிப் பார்க்கத் தேவையில்லை. பிறகு கூட்டோடு எடுத்துப் பெரிய பையில் வைத்துவிடலாம். அச்சகத்தில் கிடைக்கும் காலண்டர் வெட்டுத்துண்டு வழவழப்பாக இருப்பதால் தண்ணீரை விடாது, அது சரிவராது.

ஆலையிலிருந்து மட்டும் எதையும் கொண்டுவரக் கூடாது. மருந்து வந்த சாக்கு, டின், பிளாஸ்டிக் டிரம், கழித்துப் போட்ட குழாய் எதுவும் ஆகாது. பேரியம் நைட்ரேட் விஷம். அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் கலந்த மிச்சத்தில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. கழுவிவிட்டேன் என்று சொல்லி மருந்து டிரம்மில் செடி வைப்பது செடிக்கும் கெடுதல், வீட்டுக்கும் ஆபத்து. வெடியுப்பும் உரம்தானே என்று எடுத்து வந்து கரைத்து ஊற்றும் யோசனையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வேர் இல்லாத குச்சிக்கு எந்த உரமும் வேண்டாம். உப்பு அடிவெட்டைச் சுட்டுவிடும்.

கூட்டுக்குள் கரிசல் ஒரு பிடிகூடப் போகக் கூடாது. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்து, இரண்டு மூன்று முறை கழுவித் தூசியை நீக்கிவிட்டால் போதும். அந்தத் தூசி இருந்தால் சிமென்ட் போல இறுகும். இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. ராஜபாளையம் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. அதையும் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிப் பிழிந்து உப்பைப் போக்க வேண்டும். அரிசி ஆலையில் கரி உமி கிடைத்தால் அரைப் பங்கு கலப்பது நல்லது. ஒரு பென்சிலால் முதலில் துளை போட்டு, இரண்டு கணு உள்ளே போகுமாறு குச்சியை நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்திவிட வேண்டும். நேரடியாகக் குத்தினால் அடிவெட்டின் பட்டை உரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் போர்வெல்லை நம்ப வேண்டாம். இந்த வட்டாரத்தில் பல ஊரில் உப்புத் தண்ணீர்தான். பானை விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறதென்றால் அந்தத் தண்ணீர் குச்சிக்கு ஆகாது. ஐப்பசி மழையில் ஓட்டிலிருந்து நான்கு குடம் பிடித்து வைத்தால் 200 குச்சிக்குப் பல நாள் வரும். குழாய்க் குடிநீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம்.

கூடையின் மேல் மூங்கில் பிளாச்சை வளைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைக் கூடாரமாகப் போட்டால் அதுதான் அந்தக் கடல் காற்று. கூடையை வைக்கும் இடம் வீட்டின் வடக்குப் பக்கம் அல்லது வேப்பமர நிழல். வெளிச்சம் வேண்டும்; நேர் வெயில் கூடாது. நேர் வெயிலில் பாலித்தீன் கூடாரம் இட்லிச் சட்டி போல அவித்துவிடும். தாளின் உட்புறம் காலையில் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் சரி. இல்லாவிட்டால் தெளிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் தாளைத் தூக்கிக் காற்று விட்டால் பூஞ்சணம் வராது. கருத்த குச்சியைக் கண்டவுடன் கூட்டோடு எடுத்துத் தூரப் போட்டுவிட வேண்டும்.

ஆலை திறந்துவிட்டால் காலையில் போய் இரவில் திரும்பும் வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. அகலமான மண் தொட்டியின் நடுவில், ஓட்டையில்லாத சின்ன மண் கலயம் ஒன்றைப் புதைத்து, சுற்றிலும் மணல் நிரப்பிக் குச்சி ஊன்றுவது. கலயத்தில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் மண்ணின் நுண்துளை வழியே அது கசிந்து மணலை ஒரே ஈரத்தில் வைத்திருக்கும். வர்ணம் பூசிய கலயம் கசியாது. சுட்ட மண் கலயமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கலயத்தை நிரப்பினால் போதும். ஒரு தொட்டியில் இருபது, இருபத்தைந்து குச்சி கொள்ளும்.

நாற்பது நாளுக்குப் பிறகு காகிதத்தில் வேர் தெரிந்தால் கூடாரத்தைத் திடீரென்று எடுக்கக் கூடாது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பத்து நாளில் பழக்க வேண்டும். வேர்விட்ட குச்சி அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான். வேர் வந்த சந்தோஷத்தில் பலர் அன்றைக்கே வெயிலில் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சமமாகக் கலந்த பையில் மாற்றி, கோடையை நிழலிலேயே கழித்து, ஆடிக்குப் பிறகு நிலத்தில் வைக்கலாம். கார்த்திகையில் ஊன்றியது ஆடியில் நிலத்துக்குப் போகிறது என்றால் எட்டு மாதம். கோடையில் அந்தப் பைகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

15 சென்ட் கணக்கைப் பார்த்துவிடலாம். மல்லிகைக்குச் செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் 1.25 மீட்டர். எக்டேருக்கு 6,400 செடி. அப்படியானால் 15 சென்டுக்கு ஏறக்குறைய 390 செடி வேண்டும். முதல் முறை செய்பவருக்குப் பாதி பிழைத்தாலே நல்ல கணக்கு. 200 குச்சி போட்டு 100 தேறினால் நான்கு சென்டுக்குக் காணும். இந்த வருடம் அந்த நான்கு சென்ட்டோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம். வீட்டுக்குப் பக்கத்தில் கொழுந்தனாரின் மல்லிகை போல ஒரு தோட்டம் இருந்து, பத்து செடி மட்டும் வேண்டுமென்றால், குச்சியே வேண்டாம்; பதியன் போடலாம். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்தால், தாய் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் வேரோடு வெட்டி எடுக்கலாம். அநேகமாகத் தவறாது.

கேள்வி: "கற்றாழை, தேன், பட்டைப்பொடி, இளநீர், சாணிப்பால் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேர்விட எது உண்மையில் உதவும்?"

– வாசகர், ராஜபாளையம்

பதில்: இவற்றில் எதுவும் ஐ.பி.ஏ.வுக்கு ஈடு அல்ல. சில வேறு வகையில் உதவும். சமையலறையில் இருக்கும் பட்டைப்பொடி பூஞ்சணத்தைக் கொஞ்சம் தடுக்கும், வேரைத் தூண்டாது. தேனும் அப்படித்தான். தண்ணீர் கலந்த தேன் எறும்பையும் பூஞ்சணத்தையும் கூப்பிட்டுக்கொண்டு வரும். கற்றாழைச் சோறு வெட்டை ஈரமாக வைத்திருக்கும். தொட்டவுடன் ஊன்றினால் தவறில்லை. குழைத்துக் கொட்டி வைத்தால் அழுகும்.

இளநீருக்குத் தனி மரியாதை உண்டு. 1941 முதல் திசு வளர்ப்பு ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் முக்கியமாக இருப்பது சைட்டோகைனின் வகை ஊக்கி. அது தளிரைத் தூண்டும். அளவு கூடினால் வேரைத் தடுக்கும். குச்சியை இளநீரில் ஊறப்போட்டு, துளிர்த்ததைப் பார்த்து மகிழ்ந்து, வேர் இல்லாமல் ஏமாந்தவர்கள் உண்டு. முருங்கை இலைச் சாறும் அதே கட்சி. நட்டு வளர்ந்த செடிக்குத் தெளிக்க நல்லது. வேரில்லாத குச்சிக்கு வேண்டாம். இளநீரைக் குடித்துவிடலாம்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் ஒரு பொட்டலம் வாங்கலாம். இந்த நுண்ணுயிர் தானே ஆக்சினைச் சுரக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, அடிவெட்டை அரை மணி நேரம் வைத்து ஊன்றலாம். டிரைக்கோடெர்மா விரிடியைக் கூட்டுக் கலவையில் கொஞ்சம் கலந்தால் அழுகல் குறையும். இரண்டும் உயிருள்ள சரக்கு. காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும்.

மாவுக்கு எதுவும் உதவாது. ராஜபாளையம் சப்பட்டை மாங்கிளையைத் தேனில் முக்கினாலும் பொடியில் முக்கினாலும் வீட்டு முறையில் வேர்விடாது. ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். கொய்யாவுக்குப் பதியனே நல்ல வழி.

கேள்வி: "மழைக்காலத்தில் நட்ட முருங்கைப் போத்து அடியில் அழுகிவிடுகிறது. கரிசல் நிலம். சாணி உருண்டை வைத்தும் பயனில்லை."

– வாசகர், சாத்தூர்

பதில்: சாணி உருண்டை வைப்பது மேல் வெட்டுக்கு. அதில் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே அழுகாமலும், வெயிலில் காயாமலும் அது காக்கும். அந்தப் பழைய வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அடி அழுகலை அது தடுக்காது. மல்லிகைக் குச்சியை வெட்டிய அன்றே ஊன்ற வேண்டும். முருங்கை அதற்கு நேர்மாறு. சதைப்பற்றுள்ள தண்டு என்பதால் வெட்டிய போத்தை நிழலில் நான்கைந்து நாள் சாத்தி வைத்து, வெட்டு காய்ந்து ஏடு கட்டிய பிறகுதான் நட வேண்டும். குழிக்குள் நடாமல், செம்மண்ணும் மணலும் போட்டு ஒன்றரை அடி மேடு கட்டி அதில் நட்டால் கரிசலில் தேங்கும் தண்ணீர் அடிவெட்டைத் தொடாது. ஐப்பசி அடைமழை வரை காத்திருக்க வேண்டாம். ஆவணியிலேயே நட்டு, நட்ட அன்று ஒரு தண்ணீர் விட்டு, பிறகு மண் காய்ந்தால் மட்டும் விட்டால் போதும். வேலிக்கு நடும் கிளுவைப் போத்துக்கும் இந்தக் காய வைக்கும் பக்குவம் பொருந்தும்.

கேள்வி: "கல்யாண மாலையில் வந்த பெரிய சிவப்பு ரோஜாவின் காம்பை நட்டால் வேர்விடுமா?"

– வாசகி, விருதுநகர்

பதில்: மாலைக்கு வரும் காம்பு வெட்டிப் பல நாள் ஆகி, குளிர் அறையில் இருந்து வந்தது. அபூர்வமாக ஒன்று வேர்விடலாம். ஓசூர்ப் பக்கம் வளர்க்கும் அந்த ரகங்களைக் காட்டு ரோஜாவின் வேரில் மொட்டு ஒட்டி வளர்க்கிறார்கள். சொந்த வேரில் அவை அவ்வளவு திடமாக நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோஜாவில் பூத்து முடிந்த கிளையைக் கேட்டு வாங்கி, மேலே மல்லிகைக்குச் சொன்னபடி கார்த்திகையில் ஊன்றினால், தை பிறப்பதற்குள் வேர் தெரியும்.